மூணே நாளில் திரும்பி வரும் மஞ்சள் விளக்கு

“அண்ணே, ஸ்கேனர் போட்டு லைட்டை அணைச்சுக் குடுத்துட்டாங்க. மூணே நாள், திரும்ப எரியுது!”

பழைய சொகுசு கார் வைத்திருப்பவர்களின் நிரந்தரப் புலம்பல் இது. மில், மண்டி, தோல் என்று வியாபாரம் ஓடும் திண்டுக்கல் வட்டாரத்தில் இந்த ஆசைக்குப் பஞ்சமில்லை. ஒரு புது சின்னக் காரின் விலைக்கு, பதினைந்து வயசான ஜெர்மன் செடான் கைக்கு வந்துவிடுகிறது. காருக்கு வயசானால் விலை இறங்கும். அதன் உதிரி பாகங்களுக்கு மட்டும் இறங்குவதில்லை. அதனால்தான் அந்த மஞ்சள் விளக்கு எரிந்ததும் வயிற்றைக் கலக்குகிறது.

பெட்ரோல் கார்களில் அடிக்கடி திரும்பி வரும் கோடு ஒன்றை இந்த வாரம் எடுத்துக்கொள்வோம்: பி0171. ஸ்கேனரில் இதைப் பார்த்ததும், ‘ஆக்ஸிஜன் சென்சார் போச்சு’ என்று மாற்றுவார்கள். லைட் திரும்ப வரும். அடுத்து ஏர் ஃப்ளோ சென்சார். திரும்ப வரும். அடுத்து பெட்ரோல் பம்ப். ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் செலவு. கழற்றிப் போட்ட மூன்றுமே நல்ல நிலையில் இருந்திருக்கலாம்.

ஏனென்றால் அந்தக் கோடு எந்த பாகத்தின் பெயரும் அல்ல. ‘காற்று அதிகம், பெட்ரோல் குறைவு’ என்பது மட்டும்தான் அதன் அர்த்தம். ஒரு கிலோ சுத்தமான பெட்ரோல் முழுசாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எரிந்த புகையில் ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கிறதா என்று சைலன்ஸர் பக்கம் உட்கார்ந்து மோந்து பார்ப்பதுதான் ஆக்ஸிஜன் சென்சாரின் வேலை. மிச்சம் இருந்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும். கூட்டிக் கூட்டிப் பார்த்து, 20, 25 சதவீதம் வரை போயும் சரியாகவில்லை என்றால் விளக்கைப் போடும். சேதி சொன்ன சென்சாரைத் தூக்கிப் போடுவது, கெட்ட தந்தி கொண்டுவந்த தபால்காரரை அடிப்பது மாதிரி.

சரி, மூணு நாள் கணக்கு என்ன? இது மாதிரி கோளாறை கம்ப்யூட்டர் ஒரு தடவை பார்த்ததும் விளக்கைப் போடாது. அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறு தெரிந்தால்தான் போடும். தவிர, கோடை அழிக்கும்போது அது அதுவரை கற்றுவைத்திருந்த பெட்ரோல் கணக்கும் அழிந்துபோகிறது. மறுபடி முதலில் இருந்து கற்று, எல்லையைத் தொட இரண்டு மூன்று நாள் ஆகிறது. லைட் அணைந்திருந்த அந்த நாட்களிலும் கோளாறு அங்கேயேதான் இருந்தது. எனவே கோடை அழிக்கும் முன் அதோடு பதிவாகியிருக்கும் ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ விவரத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கோளாறு தெரிந்த அந்த நேரத்தில் இன்ஜின் என்ன வேகம், எவ்வளவு சூடு, எவ்வளவு பாரம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அழித்தால் அதுவும் போச்சு.

இதற்கெல்லாம் பெரிய கம்பெனி ஸ்கேனர்தான் வேண்டும் என்பதில்லை. 1996-லேயே அமெரிக்கா எல்லா புதுக் கார்களுக்கும் ஒரே மாதிரி 16 பின் சாக்கெட்டையும் பொதுவான கோடுகளையும் கட்டாயமாக்கியது. இந்தியாவில் இந்த ஓ.பி.டி.-2 முறை 2013 ஏப்ரலில் கட்டாயமானது. ஜெர்மன் கார்களில் அதற்கு முன்பே இருந்தது. ஆயிரம் ரூபாய் சொச்சத்துக்குக் கிடைக்கும் ப்ளூடூத் கருவியை அந்த சாக்கெட்டில் செருகினால், மொபைலிலேயே ‘லாங் டேர்ம் ஃபியூயல் ட்ரிம்’ என்ற எண்ணைப் பார்க்கலாம். கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டியிருக்கிறது என்பது அது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. பத்தைத் தாண்டினால் தேட ஆரம்பிக்க வேண்டும்.

எங்கே தேடுவது? அதைச் சொல்ல உங்கள் ஊர் ரோடுகளே போதும்.

பஸ் ஸ்டாண்ட் நெரிசலிலோ ரயில்வே கேட்டிலோ ஐடிலிங்கில் நிற்கும்போது அந்த எண் 20-ஐ ஒட்டி இருந்து, நான்குவழிச் சாலையில் சீராகப் போகும்போது 5-க்கு இறங்கினால், எங்கோ காற்று கசிகிறது. ஐடிலிங்கில் இன்ஜின் இழுக்கும் காற்று கொஞ்சம். அதில் திருட்டுத்தனமாக நுழையும் காற்றின் பங்கு பெரிசு. வேகத்தில் இழுக்கும் காற்று ஏராளம் என்பதால் அதே ஓட்டை பெரிதாகத் தெரியாது. தலைகீழாக, ஊருக்குள் சமர்த்தாக இருந்துவிட்டு, வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலை ஏறும்போது எண் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், அழுக்கேறிய ஏர் ஃப்ளோ சென்சார் மேல் சந்தேகப்படலாம். இழுவைக்குத் தேவையான பெட்ரோல் போய்ச் சேரவில்லை, அல்லது காற்றின் அளவு குறைவாகக் கணக்காகிறது. (ஓட்டும்போது மொபைலைப் பார்க்க வேண்டாம். பக்கத்து சீட்டில் இருப்பவர் பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும்.)

பதினைந்து வருஷம் சித்திரை வெயிலையும் இன்ஜின் சூட்டையும் குடித்த ரப்பர் ஹோஸ்கள் இருக்கிறதே, அவைதான் பெரும்பாலும் குற்றவாளிகள். சி 200 கம்ப்ரஸர், இ 200 கம்ப்ரஸர் மாதிரியான பென்ஸ் கார்களில் வந்த ‘எம்271’ இன்ஜின் இதற்குப் பேர் போனது. இன்ஜினுக்குள் சேரும் ஆவியைத் திரும்ப உள்ளே இழுக்கும் பிரீதர் ஹோஸ்கள் நாளாக ஆக வெடிப்பு விடும். பானெட்டைத் திறந்து எட்டிப்பார்த்தால் தெரியாத இடத்தில் அவை இருப்பதுதான் தொல்லை. ஹோஸின் விலையைவிட அதை எட்டுவதற்கான கூலி அதிகம்.

அதே இன்ஜினில் இன்னொரு விநோதமும் உண்டு. கேம் ஷாஃப்ட் பக்கம் இருக்கும் மேக்னெட்டில் ஆயில் கசிந்தால், திரி எண்ணெயை இழுப்பதுபோல ஒயருக்குள்ளேயே ஊர்ந்து போய், சென்சார் பிளக்கிலும் கம்ப்யூட்டரின் பிளக்கிலும் சேரும். அங்கே ஆயில் இருந்தால் புது சென்சார் போட்டும் பிரயோஜனமில்லை. மெக்கானிக்கிடம் பிளக்கைக் கழற்றி, உள்ளே ஈரம் இருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.

கசிவைக் கண்டுபிடிக்க சரியான வழி ஸ்மோக் டெஸ்ட். இன்ஜினை அணைத்துவிட்டு, காற்று போகும் பாதையில் மெல்லிய அழுத்தத்தில் புகையை விடுவார்கள். வெடிப்பு இருக்கும் இடத்தில் புகை எட்டிப்பார்க்கும். மெஷின் இல்லாத வெளிநாட்டு ஆசாமிகள் சுருட்டைப் பற்றவைத்து ஒரு டியூப் வழியாக ஊதிக் கண்டுபிடிப்பதும் உண்டு! சுருட்டுக்குப் பேர் வாங்கிய திண்டுக்கல்லில் அதைச் சொல்லாமல் எப்படி விடுவது? ஆனால் உங்களுக்கு மெஷின்தான் நல்லது. உள்ளூரில் இல்லையென்றால் மதுரையிலோ கோவையிலோ விசாரியுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் சூடான இன்ஜின் மேல் பெட்ரோலையோ கிளீனர் ஸ்ப்ரேயையோ அடித்து ‘சத்தம் மாறுதா பார்’ என்று சிலர் சோதிப்பார்கள். தீப்பிடிக்கும். அனுமதிக்காதீர்கள்.

பங்கில் இப்போது கிடைக்கும் இ20 பெட்ரோலுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. எத்தனாலுக்குள்ளேயே எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்ஸிஜன் இருப்பதால், ஒரு கிலோ எத்தனால் எரிய 9 கிலோ காற்று போதும். 20 சதவீதம் கலந்த பெட்ரோலுக்கு சுமார் 13.5 கிலோ. சுத்தமான பெட்ரோலை மனதில் வைத்துக் கணக்கு போட்ட பழைய இன்ஜின், அதே வேலைக்கு ஏறக்குறைய 8 சதவீதம் அதிகம் பெட்ரோல் விட்டாக வேண்டும். முன்பு ட்ரிம் 14-ல் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த கார், இப்போது 22-க்கு வந்து விளக்கைப் போடுகிறது. ‘எல்லாம் பெட்ரோலால வந்தது’ என்று அதோடு விட்டுவிடக் கூடாது. எட்டு எத்தனாலால் வந்தது. பதினாலு ஏற்கெனவே இருந்த கசிவு.

இவ்வளவும் பணக் கணக்கு. உயிர்க் கணக்கும் ஒன்று இருக்கிறது. பிரேக்கை லேசாக மிதித்தாலே பிடிக்கச் செய்யும் பூஸ்டர், பெட்ரோல் கார்களில் பொதுவாக இன்ஜினின் வேக்கத்தில்தான் வேலை செய்கிறது. கசிவு அந்த ஹோஸில் இருந்தால், கோடு வருவதோடு பிரேக் பெடலும் கல்லு மாதிரி ஆகும். பி0171-உடன் பெடல் இறுக்கமும் சேர்ந்திருந்தால், அதைச் சரிசெய்யும் வரை கொடைக்கானல், சிறுமலை எதுவும் வேண்டாம். ஏறுவதைவிட இறங்குவதில்தான் ஆபத்து. மஞ்சள் விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டுச் சிமிட்டினால் அது வேறு விவகாரம்: இன்ஜின் மிஸ்ஃபயர் ஆகிறது, எரியாத பெட்ரோல் போய் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைப் பொசுக்கிவிடும். வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டி, இன்ஜினை நிறுத்துங்கள்.

இன்னும் வாங்கவில்லை, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்பவர்களுக்கு ஒன்று. விற்பவர் அன்று காலையில் கோடை அழித்துவிட்டு, “பாருங்க, ஒரு லைட்டும் இல்லை” என்று காட்டலாம். அதே ஆயிரம் ரூபாய் கருவியில் ‘ரெடினெஸ்’ என்ற பக்கத்தைத் திறங்கள். பல வரிகளில் ‘முடியவில்லை’ என்று காட்டினால், கோடு சமீபத்தில் அழிக்கப்பட்டிருக்கலாம், அல்லது பேட்டரி கழற்றப்பட்டிருக்கலாம். அட்வான்ஸ் கொடுக்காமல், நாலு நாள் ஓட்டிவிட்டுக் கூப்பிடச் சொல்லிவிட்டு வாருங்கள்.