வாய் திறந்தால்தான் புள்ளி

எஸ்.பி.எம். ஆங்கிலத்தின் நான்கு தாள்களில் ஒன்று பேச்சுத் தேர்வு. மாணவர்கள் இருவர் இருவராகச் செல்வார்கள். முதலில் தேர்வாளரின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அடுத்து, கொடுத்த தலைப்பில் தனியாக 1 நிமிடம் பேச வேண்டும். கடைசியில் இருவரும் கலந்து பேச வேண்டும். வெறும் மனப்பாடம் கைகொடுக்காது.

நமக்கு ஆங்கிலம் தெரியாதே என்று கலங்காதீர்கள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு 1 நிமிடம் பேசச் சொல்லுங்கள். செம்பனைக் குலை, பள்ளிப் பேருந்து, கோயில் திருவிழா எதுவானாலும் சரி. பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கூப்பிடுங்கள். ஒருவர் "ஐ திங்க்" என்று கருத்தைச் சொல்லிவிட்டு, "வாட் அபௌட் யூ?" என்று மற்றவரைக் கேட்கட்டும்.

தடுமாறினால் சிரிக்காதீர்கள். வீட்டில் சிரித்தால், தேர்வறையிலும் பிள்ளை வாய் திறக்காது.