ஒரு வருடத்தில் மாற வேண்டியது எது?

டிசம்பர் கடைசி வாரம் வந்தால் போதும், எல்லோருக்கும் வருடக் கணக்குப் பார்க்கும் ஆசை வந்துவிடும். எத்தனை ஊர் சுற்றியாயிற்று, எத்தனை கோயில் பார்த்தாயிற்று, எத்தனை மலை ஏறியாயிற்று... போட்டோக்களை வரிசையாக அடுக்கி, கீழே "இந்த வருடம் வாழ்க்கை நிறையக் கற்றுக்கொடுத்தது" என்று ஒரு வரி. பார்க்கிறவர்கள் ஒரு லைக் போட்டுவிட்டு அடுத்த போட்டோவுக்குப் போய்விடுவார்கள். சரி, என்னதான் கற்றுக்கொடுத்தது என்று யாரும் கேட்பதில்லை!

ஊர் சுற்றினால் அறிவு வளரும், கோயிலுக்குப் போனால் மனம் பக்குவப்படும் என்பது பொதுவான நம்பிக்கை. இது எவ்வளவு தூரம் உண்மை என்று பார்க்க ஒரு நல்ல இடம் இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்தில் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும். இரண்டுக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். மேற்கே திரும்பினால் மலை, ஊருக்குள் திரும்பினால் கோயில். வருடம் முழுக்க யாராவது ஒருவர் எங்காவது நடந்துகொண்டே இருப்பார்கள்.

கார்த்திகை முதல் தேதி மாலை போட்டவர்கள் சபரிமலைக்கு. தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை. ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி. ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேர். இந்தப் பக்கத்து மனிதர் ஒருவரின் காலண்டரை எடுத்துப் பார்த்தால் பயணமும் பக்தியும் இல்லாத மாதமே இருக்காது.

அப்படியானால் எல்லோரும் வருடா வருடம் வளர்ந்துகொண்டே அல்லவா போக வேண்டும்?

சபரிமலை விரதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 41 நாட்கள். மது கிடையாது, சிகரெட் கிடையாது, கறி மீன் கிடையாது. விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளியல், வெறும் தரையில் படுக்கை. இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. மாலை போட்டவரை எல்லோரும் "சாமி" என்று கூப்பிடுகிறார்கள், அவரும் எதிரில் வருபவரை "சாமி" என்று கூப்பிடுகிறார். முதலாளியும் சாமி, மில் தொழிலாளியும் சாமி. ஒரு மனிதனால் எவ்வளவு நல்லவனாக இருக்க முடியும் என்பதற்கு அந்த 41 நாட்கள் கண்ணெதிரே இருக்கும் சாட்சி.

மாலையைக் கழற்றிய மறுநாள்? சிலர் உண்மையிலேயே மாறிவிடுகிறார்கள். பலருக்குப் பழைய கடை, பழைய கோபம், பழைய பேச்சு. வருடத்தில் மீதி 324 நாட்கள் இருக்கின்றன. விரதத்தின் பலன் அந்த 324 நாட்களில்தான் தெரிய வேண்டும். 41 நாட்களில் தெரிவது முயற்சி மட்டும்தான்.

அடுத்தது சதுரகிரி. வத்திராயிருப்பு பக்கம் தாணிப்பாறையிலிருந்து ஏற வேண்டும். மேலே சுந்தர மகாலிங்கம், சந்தன மகாலிங்கம் சந்நிதிகள். பாதை முழுக்கக் காடு. 2015 மே மாதம் அங்கே ஓடைகளில் திடீரென வெள்ளம் வந்து பக்தர்கள் உயிரிழந்தார்கள். அதன்பிறகு மலையேறும் நாட்களுக்கும் நேரத்துக்கும் கட்டுப்பாடுகள் வந்தன. "சாமி கும்பிடுவதற்குக் கூடவா அனுமதி வாங்க வேண்டும்?" என்று பலர் கோபப்பட்டார்கள்.

அந்தக் கோபத்தில் ஒரு நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் காடு பக்தர்களுக்கு மட்டும் சொந்தமானதா? அந்த மலைத்தொடரில் 1988ல் சாம்பல் நிற அணில்களுக்காக ஒரு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் அது மேகமலையோடு சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. இந்தியாவின் 51வது புலிகள் காப்பகம் அது. மலையையே சிவன் என்று நம்புகிறவர், அதே மலையில் பிளாஸ்டிக் பாட்டிலை வீசிவிட்டு இறங்கினால் அந்த நம்பிக்கை எங்கே போயிற்று? கால்கள் மலை ஏறிவிட்டன, மனசு இன்னும் தாணிப்பாறையிலேயே நிற்கிறது!

பயணமும் விரதமும் தானாக யாரையும் வளர்த்துவிடாது என்பது இதிலிருந்து தெரிகிறது. அப்படியென்றால் வளர்ந்தோமா இல்லையா என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

இதற்குப் பதில் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. அந்த ஊர்ப் பெண் ஆண்டாள் எழுதிய திருப்பாவையில் மொத்தம் 30 பாட்டு. மார்கழி மாதத்துக்கு நாளுக்கு ஒன்று. பள்ளிக்கூடப் போட்டிக்காக மனப்பாடம் செய்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். தனித்தனிப் பாட்டாகப் படித்தால் தெரியாத ஒரு விஷயம், முப்பதையும் ஒரே மூச்சில் படித்தால் தெரியும்.

இரண்டாவது பாட்டில் நோன்பின் விதிகள் வருகின்றன. நெய் இல்லை, பால் இல்லை, கண்ணுக்கு மை இல்லை, தலைக்குப் பூ இல்லை, கோள் சொல்லக்கூடாது, தர்மம் செய்ய வேண்டும். மூன்றாவது பாட்டில் இந்த நோன்பு இருந்தால் மாதம் மூன்று மழை பெய்யும், பயிர் செழிக்கும், பசுக்கள் குடம் குடமாகப் பால் தரும் என்று பலன் சொல்லப்படுகிறது. பறை வேண்டும் என்ற வேண்டுதல் பாட்டுக்குப் பாட்டு வந்துகொண்டே இருக்கிறது. கேட்பதில் அந்தப் பெண்களுக்குக் கூச்சமே இல்லை.

அப்படியே 29வது பாட்டுக்கு வாருங்கள். நாங்கள் பறை வாங்கிப் போக வந்தவர்கள் இல்லை, எப்போதும் உனக்கே உறவாக இருக்க வேண்டும், உனக்கே தொண்டு செய்ய வேண்டும், வேறு ஆசை இருந்தால் அதையும் நீயே மாற்றிவிடு என்று வேண்டுதல் திரும்பிவிடுகிறது. முதலில் கேட்டது ஒன்று, முடிவில் கேட்டது வேறு! அந்த ஒரு மாதத்தில் அவர்கள் எந்த வெளியூருக்கும் போகவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரையே ஆயர்பாடியாக நினைத்துக்கொண்டு ஆண்டாள் பாடினாள் என்பது மரபு. அதிகபட்சம் நாலு தெரு நடந்திருப்பார்கள். ஆனால் கேட்பது மாறிவிட்டது.

ஒருவர் வளர்ந்தாரா என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. போன வருடம் கேட்டதையே இந்த வருடமும் கேட்கிறாரா, இல்லை வேண்டுதல் கொஞ்சம் மாறியிருக்கிறதா?

மார்க்கு வேண்டும், வேலை வேண்டும், விசா வேண்டும் என்று கேட்பது தப்பா என்று சிலர் சண்டைக்கு வரலாம். தப்பே இல்லை. திருப்பாவையே மழையில்தான் தொடங்குகிறது. மானாவாரி பூமியில் மழையைக் கேட்காமல் வேறு எதைக் கேட்பது? தொடங்கிய இடத்திலேயே பத்து வருடம் நிற்பதுதான் பிரச்சினை.

பயணத்துக்கும் இதே ஊரில் ஒரு பாடம் உண்டு. ஆண்டாள் சூடிக் களைந்த மாலை வருடா வருடம் வெளியூர் போகிறது. சித்திரையில் அழகர் வைகையில் இறங்கும்போது அணிந்துகொள்ள மதுரைக்கு, புரட்டாசி பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதிக்கு. எல்லோரும் எதையாவது வாங்கி வருவதற்காக யாத்திரை போகிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கிளம்பும் அந்த மாலை கொடுப்பதற்காக மட்டுமே போகிறது. மார்கழியில் திருமலையில் சுப்ரபாதத்துக்குப் பதிலாகத் திருப்பாவைதான் பாடப்படுகிறது. பாட்டு எழுதியவளின் ஊரிலிருந்து அந்தப் பாட்டு போய்ச் சேர்ந்த தூரத்தை யோசித்துப் பாருங்கள்.

பக்தியை விட்டுவிட்டுப் பொதுவாழ்க்கையில் ஒரு உதாரணம் வேண்டுமென்றால் ராஜபாளையம் பி.எஸ்.குமாரசாமி ராஜா இருக்கிறார். 1898ல் பிறந்தவர், சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். 1949 ஏப்ரலில் சென்னை மாகாணத்தின் முதல்வரானார். 1950 ஜனவரி 26ல் இந்தியா குடியரசானபோது அந்த நாற்காலியில் இருந்தவர் அவர்தான். 1952 தேர்தலில் சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே, ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில் தோற்றுப்போனார்! பிறகு 1954ல் ஒரிசா கவர்னராகப் போனார். ராஜபாளையத்தில் தான் வாழ்ந்த வீட்டை காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். பதவியில் ஏறி, சொந்த மண்ணில் தோற்று, வெளி மாநிலம் வரை போன ஒரு மனிதரின் ஊரில் இன்றைக்கும் பேசப்படுவது அவர் கொடுத்த அந்த வீடுதான்.

ஆகவே வருடக் கணக்குப் பார்க்கிறவர்கள் தாராளமாகப் பார்க்கட்டும். போட்டோ போடட்டும், ஊர்களை எண்ணட்டும். கூடவே ஒரு தாளில் இரண்டே இரண்டு வரி எழுதிப் பார்க்கட்டும். போன ஜனவரியில் எது கிடைத்தால் போதும் என்று இருந்தது? இன்றைக்கு எது கிடைத்தால் போதும் என்று இருக்கிறது? இரண்டும் ஒரே வரியாக இருந்தால், எத்தனை மலை ஏறியிருந்தாலும் இன்னும் மூன்றாவது பாட்டில்தான் நிற்கிறோம் என்று அர்த்தம். பரவாயில்லை, 29வது பாட்டுக்கு இன்னும் நிறைய நாள் இருக்கிறது.

உங்கள் இரண்டு வரி என்ன நண்பர்களே?