பந்து இல்லாத பக்கம்

டென்னிஸ் ரசிகர்களுள் இரட்டையர் ஆட்டத்தை விரும்புவோர் சிறுபான்மையினர். ஒற்றையர் ஆட்டம் முடிந்ததும் அரங்கம் பாதி காலியாகிவிடும். அச்சிறுபான்மையைச் சேர்ந்தவர்கள் நாங்கள். நரம்பியல் பிரிவில் பணியாற்றும் எங்களுள் சிலர், மாணவப் பருவந்தொட்டு இரட்டையர் ஆட்டங்களை இயன்றவரை தவறவிடாமல் பார்த்து வருகிறோம். நோயாளிகளும் அவர்தம் குடும்பத்தினரும் படிக்கும் இவ்விதழில் டென்னிஸுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது என்பதே எங்கள் கருத்து.

ஒற்றையர் ஆட்டத்திற்குக் களத்தின் அகலம் 27 அடி. இரட்டையருக்கு 36 அடி. ஆட்கள் இரு மடங்காகின்றனர். இடமோ மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. ஆகவே யார் எங்கே நிற்பது என்பதே பாதி ஆட்டம். ஒருவர் சர்வீஸ் போட ஆயத்தமாகும்போது மற்றவர் வலையருகே குனிந்து நின்று, முதுகுக்குப் பின்னால் விரல்களால் சைகை காட்டுவார். பந்தை எந்தப் பக்கம் போட வேண்டும், தாம் குறுக்கே பாயப் போகிறாரா அல்லது நின்ற இடத்திலேயே நிற்பாரா என்பதெல்லாம் அந்த விரல்களில் இருக்கும். தொலைக்காட்சிக் கேமரா பந்தின் பின்னால் ஓடும். தேர்ந்த ரசிகரோ பந்து இல்லாத பக்கத்தைப் பார்ப்பார். பந்தை அடிக்காதவர் இரண்டடி நகர்ந்து நின்றதால்தான் எதிராளி கோட்டுக்கு வெளியே அடிக்க நேர்ந்தது என்பது அவருக்குத் தெரியும். ஆட்டக் குறிப்பில் அந்த இரண்டடிக்குக் கணக்கு இல்லை.

2011 ஜனவரியில் நுங்கம்பாக்கம் அரங்கில் லியாண்டர் பயஸ், மகேஷ் பூபதி இணை சென்னை ஓப்பன் பட்டத்தை ஐந்தாவது முறையாக வென்றது. அரக்கோணத்திலிருந்து ரயிலேறிச் சென்று அதைப் பார்த்தவர்கள் எங்களுள் உண்டு. முதல் செட் 6-2. இரண்டாவது செட் டைபிரேக்கில் கைநழுவியது. பத்துப் புள்ளிகளுக்கான இறுதி டைபிரேக்கில் 10-7 என்று முடிந்தது. பட்டம் பெரிய அதிசயமன்று. 1999இல் நான்கு கிராண்ட்ஸ்லாம் இறுதிப்போட்டிகளையும் எட்டி, பிரெஞ்சு ஓப்பனையும் விம்பிள்டனையும் வென்ற இணை அது. இடையில் இருவரும் பிரிந்து பல ஆண்டுகள் வெவ்வேறு இணைகளுடன் ஆடியவர்கள் என்பதையும் அவர்களுக்கிடையே இருந்த மனக்கசப்பையும் நாடறியும். ஆயினும் அன்று ஒவ்வொரு புள்ளிக்கும் இடையில் இருவரும் நெருங்கி வந்து, வாயை மறைத்துக்கொண்டு பேசினார்கள். எங்கள் கண்கள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

பயஸ் எங்கள் துறைக்கும் உரியவர். 2003 ஆகஸ்டில், விம்பிள்டன் கலப்பு இரட்டையர் பட்டத்தை மார்ட்டினா நவரத்திலோவாவுடன் வென்ற சில வாரங்களிலேயே, கடும் தலைவலியோடு அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகர மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மூளையில் கட்டியோ என்று முதலில் அஞ்சினார்கள். பின்னர் அது நியூரோசிஸ்டிசெர்கோசிஸ், அதாவது நாடாப்புழுவின் இளம்பருவம் மூளையில் தங்குவதால் வரும் நோய் என்று தெரிந்தது. அவருடைய தந்தை மருத்துவர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ஹாக்கி அணியில் ஆடியவர். மருத்துவர் வீட்டுப் பிள்ளை என்பதற்காக இந்நோய் ஒதுங்கிப் போவதில்லை.

இந்நோயின் பெயரைச் சொன்னதும் எங்கள் அறையில் எழும் முதல் கேள்வி, “நாங்கள் சைவமாயிற்றே, எப்படி வரும்?” என்பதாகும். சரியாக வேகாத பன்றி இறைச்சியை உண்பவருக்குக் குடலில் நாடாப்புழு வளரக்கூடும். மூளைக்குச் செல்வதோ அப்புழுவின் முட்டை. குடலில் புழு உள்ளவரின் மலத்தோடு வெளியேறும் முட்டைகள், கழுவாத கை, கழுவாத கீரை, அசுத்தமான நீர் ஆகியவற்றின் வழியே வேறொருவர் வயிற்றுக்குள் போகின்றன. ஆகவே சைவ உணவு மட்டும் காப்பாற்றாது. சோப்பும் கழிப்பறையும் காப்பாற்றும். நம் நாட்டில் வலிப்புக்கான முக்கியக் காரணங்களுள் இதுவும் ஒன்று. பெரும்பாலானோருக்கு மாத்திரைகளால் குணமாகக்கூடியது. 2004 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பன் கலப்பு இரட்டையர் இறுதிப்போட்டியில் அதே நவரத்திலோவாவுடன் பயஸ் ஆடினார், தோற்றார். அதே ஆகஸ்டில் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் பூபதியுடன் வெண்கலத்துக்காக ஏறத்தாழ நான்கு மணி நேரம் போராடி, மூன்றாவது செட்டை 14-16 என்று இழந்தார். வென்ற ஆட்டங்களைவிட இவ்விரண்டு தோல்விகளையும் பற்றியே நாங்கள் நோயாளிகளிடம் அதிகம் பேசுகிறோம்.

இனி வீட்டுக்கு வருவோம். இரட்டையர் ஆட்டத்தில் மிக ஆபத்தான பந்து, இருவருக்கும் நடுவே வருவது. கடினமான பந்தாக இருக்க வேண்டியதில்லை. அவர் எடுப்பார் என்று இவரும், இவர் எடுப்பார் என்று அவரும் நின்றுவிட, பந்து நடுவே போய்விடும். வலிப்பு மாத்திரை தவறிப்போவது பெரும்பாலும் இப்படித்தான். இரவு மாத்திரையை மருமகள் கொடுத்திருப்பாள் என்று மாமியாரும், அத்தை கொடுத்திருப்பார்கள் என்று மருமகளும் உறங்கிவிடுகிறார்கள். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லாத வீடாக இருந்தால் மறுநாளும் அதுவே நடக்கும். அவர்கள் சமாதானம் ஆக வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. அது எங்கள் துறையன்று. மாத்திரையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டால் போதும். அதுவும் இயலாவிடில் நாட்காட்டித் தாளில் ஒரு கோடு போடுங்கள். வலைக்கருகே நிற்பவர் விரலால் சொல்வதும் பேச்சுதானே.

இதற்கு நேர்மாறான இணையும் உண்டு. கூட்டாளியை நம்பாமல் எல்லாப் பந்துக்கும் தாமே குறுக்கே பாய்பவர் சில புள்ளிகளை வெல்வார். ஆனால் அவர் விட்டுச்சென்ற பக்கம் திறந்து கிடக்கும். வலிப்பு வந்த மகனைப் பள்ளிக்கும் அனுப்பாமல், கடைக்கும் அனுப்பாமல், அவன் கேள்விக்கெல்லாம் தாமே பதில் சொல்லும் பெற்றோரைப் பார்க்கிறோம். பதினேழு வயதுப் பையனுக்குத் தன் மாத்திரையின் பெயர் தெரியவில்லை. நீரில் தனியே இறங்காமலும், உயரத்தில் ஏறாமலும், மருத்துவர் அனுமதிக்கும்வரை வண்டி ஓட்டாமலும் இருந்தால் போதும். மற்றவற்றை அவன் ஆடட்டும்.

வலிப்பு வரும் நேரத்தில் மட்டும் ஆட்டம் முழுக்க உடனிருப்பவருடையது. நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்புச் சாவியைத் திணிக்க வேண்டாம். அதனால் வலிப்பு நிற்பதில்லை, காயந்தான் மிஞ்சும். வாயில் கரண்டியோ தண்ணீரோ வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108ஐ அழையுங்கள். வலிப்பு எந்தக் கையில் தொடங்கியது, கண் எந்தப் பக்கம் திரும்பியது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். நோயாளிக்கு அது தெரியாது. எங்களுக்கும் தெரிய வழியில்லை. பல வேளைகளில் அந்த ஒரு செய்தி ஸ்கேனைவிட எங்களுக்கு உதவியிருக்கிறது.

இங்குதான் எங்களுக்கு ஒரு குறை உண்டு. பொதுவாக மருத்துவமனைகள் உடன் வருபவரை ஓர் இடையூறாகவே கருதுகின்றன. “ஒருவர் மட்டும் உள்ளே வரலாம்” என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறார்கள். குடும்பமும் தன் பங்குக்கு அன்று யாருக்கு வேலை இல்லையோ அவரை அனுப்பிவைக்கிறது. அவருக்கு மாத்திரை எத்தனை வேளை என்பதும் தெரியாது. ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலையில் ஒரு நாள் விடுப்பு என்றால் ஒரு நாள் கூலி போயிற்று என்பதை நாங்கள் அறியாதவர்கள் அல்லர். இரவு ஷிப்டு முடித்துத் தூங்காமல் வந்து நிற்பவர்களையும் பார்க்கிறோம். நோயாளியே இரவு ஷிப்டுக்காரராக இருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். தூக்கமின்மை வலிப்பைத் தூண்டும். ஆயினும் மூன்று மாதத்துக்கு ஒரு முறையேனும், மாத்திரையை உண்மையில் எடுத்துக் கொடுப்பவர் யாரோ அவரே வர வேண்டும் என்பது எங்கள் வற்புறுத்தல். மாத்திரையை நிறுத்துவதா, குறைப்பதா என்ற பேச்சு அவர் இல்லாமல் நடக்கக் கூடாது. வலிப்பு நின்றுவிட்டது என்று தாமாகவே திடீரென நிறுத்தியவர்கள் நள்ளிரவில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவதை இன்றும் காண்கிறோம்.

எங்கள் புறநோயாளி அறையில் நோயாளியின் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டிருக்கிறோம். வாசலில் யாரேனும் தடுத்தால் மருத்துவர் வரச் சொன்னதாகச் சொல்லுங்கள். வரும்போது கோடு போட்ட அந்த நாட்காட்டித் தாளையும் எடுத்து வாருங்கள். அழுக்காக இருந்தாலும் பரவாயில்லை.