உரைத்தொகுப்பியும் அதன் எல்லையும்

கணினியில் எழுதுவோரிடையே ஒரு மயக்கம் நிலவுகின்றது. எழுதுவதற்கென அமைந்த உரைத்தொகுப்பியே படத்தையும் காட்டவேண்டும், பி.டி.எவ். கோப்பையும் விரிக்கவேண்டும், அஞ்சலையும் கொணரவேண்டும் என்பதே அது. இதனை நாம் மறுக்கின்றோம். உரைத்தொகுப்பி எழுத்துக்குரியது, பிறவகைக் கோப்புகளை அவற்றுக்குரிய மென்பொருளிடம் ஒப்படைப்பதே முறையாகும்.

இவ்விவாதம் புதியதன்று. 1970களில் அமெரிக்காவிலே இரு மரபுகள் உருப்பெற்றன. பெல் ஆய்வுகூடத்தின் யுனிக்ஸ் மரபு, ஒவ்வொரு செய்நிரலும் ஒரு பணியைச் செவ்வனே செய்து, விளைவை மற்றொன்றிடம் கையளிக்கவேண்டும் என்றது. டக்ளஸ் மக்கில்றோய் முன்மொழிந்த 'குழாய்' முறை 1973இல் இதனை நடைமுறையாக்கிற்று. மறுபுறம், 1976இல் எம்.ஐ.ரி.யிலே தோன்றிய ஈமாக்ஸ், காலப்போக்கில் நாட்காட்டி, அஞ்சல், விளையாட்டு முதலியவற்றையெல்லாம் தன்னகத்தே ஈர்த்துக்கொண்டது.

ஈமாக்ஸ் அன்பர்கள் அதன் தன்னிறைவை வியந்து பேசுவர். அத்தன்னிறைவு எத்தகையது? அதனுள்ளே பி.டி.எவ். பக்கமொன்று தோன்றுவதற்கு, கோஸ்ட்ஸ்கிறிப்ட் போன்ற வெளி மென்பொருளொன்றே அப்பக்கத்தைப் படமாக மாற்றித் தருகின்றது. கடையில் வாங்கிய கறியை வீட்டுச் சமையலென்று பரிமாறுவதற்கும் இதற்கும் வேற்றுமை யாது? விம் தொகுப்பியிலோ, கோப்பின் பெயர்மீது நின்று 'ஜி', 'எக்ஸ்' ஆகிய விசைகளை அழுத்தினால், அக்கோப்பு வெளியே உரிய மென்பொருளில் திறக்கின்றது. இதில் மறைப்பு ஏதுமில்லை.

சாளரம் மாறினால் சிந்தனை சிதறும் என்பாருளர். எழுதுமேசையிலிருந்து எழுந்து இறாக்கையிலுள்ள நூலைப் புரட்டிவந்த அறிஞர்களின் சிந்தனை சிதறிற்றா?

கலைப்பீட மாணவராகிய எமக்கு இது வெறும் வசதி பற்றிய வினா அன்று. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்திலிருந்து பழைய சஞ்சிகையொன்றைப் பெறுகின்றோம். அதுபற்றிய குறிப்பினை வெற்றுரையாக எழுதி, கோப்பின் பெயரையும் அருகே இடுகின்றோம். நாளை அதனைத் திறக்கும் மென்பொருள் மறைந்தால் வேறொன்றால் திறக்கலாம், குறிப்பு அழியாது. குறிப்பும் படமும் பக்கமும் ஒரே மென்பொருளின் தனி வடிவத்துட் சிறைப்பட்டால், அதன் முடிவே எமது ஆய்வின் முடிவுமாகும்.

எனினும், ஒப்படைத்தல் கண்மூடித்தனமாக நிகழலாகாது. எக்கோப்பினை எம்மென்பொருள் திறப்பது என்பதைக் கணினியை ஆக்கியோர் முன்கூட்டியே விதித்துவைத்துள்ளனர். விண்டோஸ், தெரிந்த கோப்புகளின் பின்னொட்டை இயல்பாகவே மறைத்துவிடுகின்றது. ஆவணமெனத் தோன்றுவது தீய செய்நிரலாகவும் இருக்கக்கூடும். ஆகவே பின்னொட்டைக் காணச்செய்வோம். திறக்கும் மென்பொருளை நாமே விதிப்போம். எழுத்து எம்முடையதெனின், அதனோடு சேர்ந்த கோப்புகளுக்கு வாயில் தெரியும் உரிமையும் எம்மிடமே இருத்தல் வேண்டும்.