கூண்டு வண்டியைக் கைவிடலாமா?

(பத்தாம் வகுப்பு மாணவி)

நம் கொங்கு நாட்டுத் தோட்டங்களில் டிராக்டரும் மோட்டார் சைக்கிளும் நிற்கும் கொட்டகைக்குப் பின்னால் சற்று எட்டிப் பார்த்தால், சில இடங்களில் இன்னொரு வண்டியும் கண்ணில் படும். அதன் கூண்டு சரிந்திருக்கும். சக்கரத்தைப் பாதியளவு மண் மூடியிருக்கும். உள்ளே கோழி அடைகாத்துக் கொண்டிருக்கும். “அது எதற்கும் ஆகாது, விறகுக்கு வேண்டுமானால் ஆகும்” என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். அதிர்ஷ்டம் உள்ள வண்டியாக இருந்தால் ஏதேனும் ஓர் உணவு விடுதியின் வாசலுக்கு அலங்காரப் பொருளாக விலைபோகும். இது சரிதானா? பழுது பார்க்கக் கூடிய கூண்டு வண்டியை வீட்டில் உள்ளவர்களே கூடிப் பழுது பார்க்க வேண்டும், அந்த வேலையில் பெண்பிள்ளைகளாகிய நமக்கும் பங்கு வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

கூண்டு வண்டி என்பது சுமை ஏற்றும் வண்டி மட்டுமன்று. அது சக்கரத்தின் மேல் வைத்த ஒரு சிறு வீடு. பழனித் தைப்பூசத்திற்கும், அவிநாசித் தேருக்கும், ஆடி மாதத்து அந்தியூர்ச் சந்தைக்கும் குடும்பம் குடும்பமாக நம் முன்னோர் அதில்தான் சென்றார்கள். அடியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் பவானி ஜமக்காளம் விரித்து, குழந்தைகளையும் முதியோரையும் உட்கார வைப்பார்கள். கட்டுச்சோறும் தண்ணீர்க் குடமும் உள்ளே இருக்கும். அரிக்கேன் விளக்கு வண்டிக்கு அடியில் ஆடிக்கொண்டே வரும். இரவில் சாலையோரச் சோலையில் மாடுகளை அவிழ்த்துக் கட்டிவிட்டு, அதே வண்டியில் படுத்துறங்குவார்கள்.

வண்டியையே வீடாகக் கொள்ளும் வழக்கம் நமக்குப் புதிதன்று. சங்க காலத்து உப்பு வணிகராகிய உமணர் குடும்பத்தோடு வண்டிகளில் ஊர் ஊராகச் சென்றனர். மேட்டிலும் பள்ளத்திலும் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று எண்ணி, வண்டியின் அடியில் இன்னோர் அச்சையும் கட்டி வைத்துக்கொண்டனர். அதற்குச் ‘சேம அச்சு’ என்று பெயர். தகடூர் அதியமானின் மகனை ஔவையார் இந்தச் சேம அச்சுக்கு ஒப்பிட்டதைப் புறநானூற்றில் காணலாம். இன்று கார்களில் ஐந்தாவது சக்கரம் ஒன்றை வைத்துக்கொள்கிறோமே, அந்த அறிவு நம்மவருக்கு அன்றே இருந்தது!

மேலை நாடுகளையும் பாருங்கள். 1885-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் ஓய்வு பெற்ற கடற்படை மருத்துவர், உல்லாசப் பயணத்திற்கென்றே ‘வாண்டரர்’ என்ற வண்டி வீட்டைக் கட்டச் செய்தார். இரண்டு குதிரைகள் இழுக்க, ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரை சுமார் 1,300 மைல் பயணம் செய்தார். பின்னர் குதிரைக்குப் பதிலாகக் கார் வந்தது. காருக்குப் பின்னே பூட்டி இழுக்கும் வீடுகள் வந்தன. அமெரிக்காவில் 1930-களில் அலுமினியத் தகட்டால் செய்த ‘ஏர்ஸ்ட்ரீம்’ வண்டிகள் பெயர் பெற்றன. அந்நாட்டு மக்கள் பழைய வண்டி வீடுகளைக் குறைந்த விலைக்கு வாங்கி, கூரையின் ஒழுக்கை அடைத்து, நனைந்து உளுத்த தரைப் பலகையை மாற்றி, தாமே புதுப்பித்துக் கொள்கிறார்கள். அதைப் பெருமையாகவும் பேசுகிறார்கள். நாமோ நம்முடைய வண்டி வீட்டை விறகுக்குப் போடுகிறோம்!

வெறும் ஆசையால் இதைச் சொல்லவில்லை. சென்ற கோடை விடுமுறையில் காங்கயம் பக்கத்தில் உள்ள என் அப்புச்சியின் தோட்டத்தில், விலைபேசி முடிக்கும் நிலையில் இருந்த ஒரு வில்வண்டியை நாங்கள் பழுது பார்த்தோம். அப்புச்சி, மாமா, மாமா மகள், நான் என நால்வர். அடுத்த ஊரிலிருந்து வந்த வயதான ஆசாரி ஒருவர் எங்களுக்கு வழிகாட்டி.

முதல் நாள் ஆசாரி எதையும் கழற்றவில்லை. கொட்டாப்புளியை எடுத்து ஒவ்வொரு மரத்தையும் தட்டிப் பார்த்தார். நல்ல மரம் ‘டங்’ என்று ஒலித்தது. உளுத்த மரம் ‘தொப்’ என்று ஒலித்தது. சந்தேகமான இடத்தில் ஆணியால் குத்திப் பார்த்தார். சக்கரத்தின் நடுவில் உள்ள குடம் திடமாக இருந்தது. வலது சக்கரத்தில் இரண்டு ஆரக்கால்கள் ஆட்டம் கண்டிருந்தன. வட்டையில் ஒரு துண்டைக் கரையான் தின்றிருந்தது. கூண்டின் மூங்கில் வரிச்சிகள் முற்றிலும் போய்விட்டன. “குடமும் அச்சும் நல்லா இருந்தா வண்டிக்கு உசுரு இருக்குதுங்க சாமி. அது ரெண்டும் போச்சுன்னா விட்டுப் போடலாம்” என்றார் அவர். பழையது என்பதற்காக எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. பழையது என்பதற்காக எல்லாவற்றையும் எறியவும் கூடாது. தட்டிப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். இதுவே நான் கற்ற முதற்பாடம்.

வட்டைத் துண்டையும் ஆரக்கால்களையும் கருவேல மரத்தில் ஆசாரியே செய்தார். அது தேர்ந்த கைக்குரிய வேலை. நாங்கள் வில்லின் துருவை உப்புத்தாள் கொண்டு தேய்த்து ரெட் ஆக்சைடு பூசினோம். பலகைகளுக்கு வேப்பெண்ணெய் தடவினோம். மூங்கிலைப் பிளந்து, நீரில் ஊற வைத்து, வளைத்துக் கட்டிப் புதுக் கூண்டு செய்தோம். வண்ணம் பூசுவதற்குத்தான் எங்களுக்கு அவசரம். ஆனால் ஆசாரி அதைக் கடைசி நாள் வரை அனுமதிக்கவில்லை. சட்டம், சக்கரம், கூண்டு, பிறகுதான் வண்ணம் என்பது அவர் வகுத்த வரிசை.

எல்லாவற்றிலும் சிறந்தது இரும்புப் பட்டா மாட்டிய நாள். பட்டாவைத் தரையில் கிடத்தி, சுற்றிலும் வறட்டி அடுக்கித் தீ மூட்டினார்கள். பழுக்கக் காய்ந்ததும் இடுக்கிகளால் தூக்கிச் சக்கரத்தின் மேல் இறக்கி, சம்மட்டியால் தட்டி, உடனே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். புகையும் ஆவியும் அடங்கியபோது, தளர்ந்திருந்த ஆரக்கால்கள் எல்லாம் இறுகிவிட்டிருந்தன! நம் பௌதிகப் புத்தகத்தில் வரும் வெப்ப விரிவு இதுவேயன்றோ? இரும்பு ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் தன் நீளத்தில் 10 லட்சத்தில் சுமார் 12 பங்கு நீள்கிறது. 150 சென்டிமீட்டர் உயரமுள்ள சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 471 சென்டிமீட்டர். 500 டிகிரி வெப்பம் ஏற்றினால் பட்டா சுமார் 2.8 சென்டிமீட்டர் நீளும். குளிர்ந்ததும் அவ்வளவும் சுருங்கிச் சக்கரத்தை இறுகப் பிடிக்கும். தேர்வுக்காக மனப்பாடம் செய்த கணக்கை நான் அன்றுதான் கண்ணால் கண்டேன்.

இனி, இக்கருத்தை மறுப்போர் சொல்வதையும் கேட்போம். “பூட்ட மாடு எங்கே?” என்பது முதற்கேள்வி. நியாயமான கேள்விதான். காங்கயம் மாடுகளுக்குப் பேர் போன நம் பகுதியிலேயே வண்டி மாடுகள் அருகிவிட்டன. மரச் சக்கரத்தை ரப்பர் டயர் வண்டி பின்தள்ளியது. அதை டிராக்டரும் டெம்போவும் பின்தள்ளின. வண்டிக்காகவே ஒரு ஜோடி மாடு வாங்கித் தீனி போட எல்லோராலும் இயலாது. ஆனால் நோம்பி நாளில் ஊரில் மாடு வைத்திருப்போரிடம் ஒரு ஜோடி கேட்டு வாங்கலாம். அதுவும் இயலாவிட்டால், நிழலில் நிறுத்திய வண்டி பிள்ளைகளின் படிப்பறையாக இருக்கட்டுமே! கோழிக் கூண்டாக இருப்பதைவிட அது மேலல்லவா?

“சாலையில் ஆபத்து” என்பது இரண்டாவது கேள்வி. இருட்டில் மாட்டு வண்டி பின்னால் வருபவர் கண்ணுக்குத் தெரியாது என்பது உண்மை. ஆகையால் பின்புறம் ஒளி பிரதிபலிக்கும் சிவப்புப் பட்டைகளை ஒட்ட வேண்டும். பெருஞ்சாலையை விட்டு ஊர்ச்சாலையில் பகலில் மட்டுமே ஓட்ட வேண்டும். மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் எச்சரித்திருக்கிறார். எனவே ஆசைப்பட்டு ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் ஏற்றவும் கூடாது.

“இந்தக் காலத்தில் வண்டி வீடு வேண்டுமென்றால் பழைய வேனை வாங்கி மாற்றிக் கொள்ளலாமே” என்று சிலர் கூறலாம். அதுவும் நல்ல முயற்சியே. ஆனால் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியின் அமைப்பை நம் விருப்பம்போல் மாற்றக் கூடாது என்பது அதன் கருத்து. போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்து, அனுமதி பெற்ற பிறகே ரம்பத்தைக் கையில் எடுக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வியை எங்கள் தோட்டத்து வேலியோரம் நின்று ஒரு பெரியவரே கேட்டார். “ஏனம்மணி, பொட்டப்புள்ளைக்கு உளி எதுக்கு?” என்றார். அவர் அன்பாகத்தான் கேட்டார். அவருக்கு என் பதில் இதுதான்: மின்விசிறியின் திருகாணி கழன்றால், குழாயில் நீர் ஒழுகினால், கதவு தொங்கினால் நாம் எவரேனும் வரும்வரை காத்திருக்கிறோம். கோலத்தில் புள்ளி பிசகாமல் இழுக்கும் கைக்கு மூலைமட்டம் பிடிக்க வராதா? நூலிழை தப்பாமல் பூத்தையல் போடும் விரலுக்கு இழைப்புளி கனமாகிவிடுமா?

நம் கோவையின் பெருமையே கைவேலையில்தான் பிறந்தது. 1893-இல் கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி.டி. நாயுடு அவர்கள் பெரிய பட்டம் ஏதும் பெற்றவர் அல்லர். ஓர் ஆங்கிலேய அதிகாரியின் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, அதைக் கழற்றி, மறுபடியும் பூட்டித்தான் இயந்திரத்தின் சூட்சுமத்தைக் கற்றார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தோடு தொழில் தொடங்கினார். கரூரில் பேருந்துக்குக் கூடு கட்டுகிறார்கள். நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரிக்குக் கூடு கட்டுகிறார்கள். மரத்தை அளந்து, அறுத்து, பொருத்தும் கைகள் இருந்த மண் இது. அந்தக் கைகளுள் வண்டிச் சக்கரம் செய்யத் தெரிந்தவை இன்று மிகச் சிலவே. எங்களுக்கு உதவிய ஆசாரியின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவரிடம் கேட்டுக் கற்க ஆளில்லாவிட்டால் அந்த வித்தை அவரோடு முடிந்துவிடும். வண்டி ஒன்று போனால் மரம் போயிற்று என்று விடலாம். வித்தை போனால் எங்கே போய் வாங்குவது?

ஆகவே இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். பெற்றோரே, தோட்டத்துப் பழைய வண்டியை விலைபேசும் முன் ஒரு நல்ல ஆசாரியை அழைத்துத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் பெண்பிள்ளைகளையும் அருகில் நிற்க வையுங்கள். நம் மதிப்பிற்குரிய சகோதரிகளுக்கும் ஆசிரியைகளுக்கும் மாணவியர் சார்பில் ஒரு பணிவான விண்ணப்பம்: நம் கைத்தொழில் வகுப்பில் தையலும் பின்னலும் அழகாகக் கற்பிக்கிறீர்கள். அவற்றோடு மாதம் ஒரு நாளேனும் சுத்தியல், திருப்புளி, இழைப்புளி பிடிக்கவும் கற்றுத் தாருங்கள். வகுப்பில் கால் ஆடும் பெஞ்சுகள் இருக்கின்றன; தொடங்குவதற்கு அவையே போதும்.

தோழியரே, அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. அந்தச் சிறு ஆணியைச் செருகத் தெரிந்த கை, ஆணுடையதாயினும் பெண்ணுடையதாயினும், ஊருக்கு வேண்டிய கை. நம் கைகளும் அவ்வாறு ஆகட்டும்!