‘கறை பிடிக்காது’ என்றால் எந்தக் கறை?

கார்ப்பெட் கடையில் ஒரு வித்தை காட்டுவார்கள். சாம்பிள் துண்டில் கொஞ்சம் காபியை ஊற்றி, ஈரத்துணியால் ஒரே துடைப்பு. "பாருங்க மேடம், கறையே இல்ல!"

பொய் இல்லை. அது பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் இழை. தண்ணீரை உறிஞ்சாது என்பதால் காபி, ரசம் எல்லாம் மேலோடு நின்றுவிடும். நைலானைவிட விலையும் குறைவு. ஆனால் இந்த இழைக்கு எண்ணெய் மீது தனிப் பிரியம் உண்டு. கடலில் எண்ணெய் கொட்டினால் உறிஞ்சி எடுக்க உலகம் முழுக்கப் பயன்படுத்தும் விரிப்புகள் பாலிப்ரொப்பிலீனில் செய்தவைதான்!

எண்ணூர், திருவொற்றியூர்வாசிகளுக்கு இது வெறும் பொது அறிவுத் தகவல் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி பக்கமிருந்து வந்த எண்ணெய், எர்ணாவூர் வீடுகளுக்குள் புகுந்து சுவரில் கறுப்புக் கோடு போட்டுவிட்டுப் போனது. வெறும் தண்ணீர் என்றால் பாய், மெத்தையைக் காயவைத்து எடுக்கலாம். எண்ணெய் ஏறியதை என்ன செய்வது?

அதனால் இந்தப் பக்கம் கார்ப்பெட் வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, அவசரத்துக்குச் சுருட்டித் தூக்க முடியுமா என்பதைத்தான். சுவருக்குச் சுவர் ஒட்டும் கார்ப்பெட், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம். அதற்கு அடியில் விரிக்கும் ஃபோம்தான் வில்லன். மேலே இரண்டு நாளில் காய்ந்தாலும், கீழே ஃபோம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். கடற்காற்றின் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சை, நாற்றம்.

அடிவிரிப்பு போட்டே ஆக வேண்டுமா? மெல்லிய, கெட்டியான ரப்பர் ஷீட் போதும். கட்டை விரலால் அழுத்துங்கள். விரல் தரையைத் தொட்டால் வாங்காதீர்கள். தடிமன் அதிகமானால் நல்லது என்பார்கள், நம்ப வேண்டாம். 11 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஒவ்வோர் அடிக்கும் கார்ப்பெட் அமுங்கி எழுந்து, அதன் முதுகுப் பகுதி சீக்கிரம் விட்டுப்போகும்.

அடுத்தது தூசி. துறைமுகத்து நிலக்கரித் தூசியோடு மல்லுக்கட்டியது ராயபுரத்துக்காரர்களுக்கு நினைவிருக்கும். நீதிமன்ற உத்தரவால் 2011-ல்தான் அங்கே நிலக்கரி கையாள்வது நின்றது. கன்டெய்னர் லாரிப் புழுதியும், எண்ணூர் பக்கத்துச் சாம்பலும் இன்னும் இருக்கின்றன. இந்தத் துகள்கள் இழையின் வேரில் உட்கார்ந்து, மிதிக்க மிதிக்க உப்புத்தாள் போல அறுக்கும். எனவே முடி குட்டையாக, நெருக்கமாக இருப்பதாக வாங்குங்கள். சாம்பிளைப் பின்பக்கமாக மடித்துப் பாருங்கள். அடித்துணி பளிச்சென்று தெரிந்தால் நெசவு இடைவெளி அதிகம் என்று அர்த்தம்.

என் ஓட்டு பவானி ஜமக்காளத்துக்கு. பருத்தி என்பதால் கறை பிடிக்கும்தான். ஆனால் ஊறவைத்துத் துவைக்கலாம், மொட்டை மாடியில் உலர்த்தலாம், வெள்ளம் வருகிறது என்றால் சுருட்டிப் பரணில் போடலாம். வழுக்கினால் அடியில் வலை மாதிரியான ரப்பர் விரிப்பு போதும்.

சமையல் எண்ணெய் சிந்தினால் தேய்க்காதீர்கள், பரவிவிடும். பேப்பரால் ஒற்றி எடுத்து, மைதா தூவி ஒரு மணி நேரம் விட்டுத் தட்டுங்கள். பிறகு பாத்திரம் கழுவும் லிக்விட். டீசல், ஆலை எண்ணெய் ஊறியது என்றால் துவைக்க முயலாமல் வீட்டைவிட்டு வெளியே எடுத்துவிடுங்கள். அதன் வாடையைக் குழந்தைகள் சுவாசிக்கக் கூடாது.