கிணற்றைச் சாட்சிக்கு அழைக்கலாமா?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியிற் பொழியும் மழைநீர் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புக்கள் வழியே இறங்கி, உவர்நீரின் மேலே நன்னீராய்த் தங்குகின்றது. அதனையே நாம் பருகுகின்றோம். அதனையே வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்கின்றோம். எம் முன்னோர் எமக்கு வைத்துச் சென்ற முதுசொம் இந்நீரே. தமிழ் கற்பிப்போனுக்கு எண்ணெய்த் தாங்கியோடு யாது தொடர்பு என வினவுவோர் உளராகலாம். கிணற்று நீர் பருகும் எவர்க்கும் அத்தொடர்பு உண்டு என்பதே என் விடை.

எரிபொருள் நிரப்பு நிலையங்களிலே பெற்றோலும் டீசலும் பெரும்பாலும் நிலத்தினுட் புதைத்த தாங்கிகளிற் சேமிக்கப்படுகின்றன. ஒற்றைச் சுவருடைய பழைய உருக்குத் தாங்கி, மண்ணின் ஈரத்தால் நாளடைவிற் துருப்பிடிக்கும். குழாய்ப் பொருத்துக்களும் தளரும். ஊசித்துளை வழியே ஒழுகும் பெற்றோல் எவர் கண்ணுக்கும் படாது மண்ணில் இறங்கி, நீர்மட்டத்தை அடைந்து அதன்மேல் மிதக்கும். அதிலுள்ள பென்சீன் என்னும் பொருள் நீரிற் கரைந்து நெடுந்தூரம் செல்லும். அது புற்றுநோய் விளைப்பது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 10 மைக்குரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. பென்சீனை மட்டும் கொண்டு நோக்கின், அவ்வரம்பினும் நூற்றுக்கணக்கான மடங்கு கலந்த பின்னரே அதன் மணம் மூக்குக்குப் புலனாகும்.

ஆகவே, “கிணற்றில் மணம் வந்தால் முறையிடுங்கள், ஆராய்வோம்” என்பது தகுந்த முறையன்று. நீர் கெட்டதென்பதைக் கிணற்றுக்காரர் மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. தாங்கி ஒழுகவில்லை என்பதைத் தாங்கிக்குரியவரே இடையறாது மெய்ப்பித்து வருதல் வேண்டும். இக்கட்டுரையின் கருத்து இதுவே.

ஆராய்ச்சியின் இயல்பை அறிந்தோர்க்கு இதன் நியாயம் விளங்கும். முதற்படி மிக எளிது. நாடோறும் அளவுகோலைத் தாங்கியில் இறக்கி இருப்பை அளந்து, வரவோடும் விற்பனையோடும் ஒப்பிட்டு நோக்குவதே அது. கணக்குத் தொடர்ந்து குறையுமாயின் தாங்கியையும் குழாய்களையும் சோதித்தல் வேண்டும். அடுத்து, மண்ணிடைக் காற்றில் எண்ணெயாவி உண்டோ எனப் பார்த்து, நிலத்தைத் துளைத்து ஆழத்துக்கு ஆழம் மண் மாதிரி எடுப்பர். பின்னர் ஒரே நேர்கோட்டில் அமையாத மூன்று கண்காணிப்புக் கிணறுகளையேனும் அமைத்து, நீர்மட்டங்களை அளந்து, நிலத்தடி நீர் எத்திசை செல்கின்றது என்று துணிவர். நீர் வரும் திசையிலும் மாதிரி எடுத்து ஒப்பிட்டாலன்றி மாசு எங்கிருந்து வந்தது என்று கூறவியலாது. மாதிரியைக் கண்ணாடிக் குப்பியிற் காற்றிடைவெளியின்றி நிரப்பிக் குளிரில் வைத்தே கொண்டு செல்லல் வேண்டும். இன்றேற் பென்சீன் ஆவியாய்ப் போய்விடும். கெட்ட நீரும் நல்ல நீரெனச் சான்றிதழ் பெறும்.

மணற்பாங்கான நிலத்திலேயே இத்துணை உழைப்பு வேண்டுமாயின், எமது சுண்ணக்கல்லிற் கூறவும் வேண்டுமோ? பாறையின் பிளவுகளும் கரைந்த குடைவுகளும் சென்ற வழியே நீர் செல்லும். அயற்கிணறு தூய்தாயிருக்க, அப்பாலுள்ள கிணறு கெடுதலும் கூடும்.

இதற்கு எம் கண்முன் நிகழ்ந்த சான்று சுன்னாகம். அங்கு எழுந்தது நிலத்தடித் தாங்கிக் கசிவன்று. அனல் மின்னிலையத்தைச் சார்ந்த எண்ணெய் மாசு. ஆயினும் பாடம் ஒன்றே. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 150 கிணறுகளை ஆராய்ந்து, 109 கிணறுகளில் எண்ணெயும் கிறீசும் வரம்பை மீறியிருக்கக் கண்டது. அதனோடு ஒவ்வாத அறிக்கைகளும் வெளிவந்தன. 2015 இல் தொடுக்கப்பட்ட வழக்கில், 2019 ஏப்பிரலிலேயே உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு நிலையத்தை நடத்திய நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. மாசுபடுத்தியவரே ஈடு செய்தல் வேண்டும் என்னும் நெறி நிலைநாட்டப்பட்டமை மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் தீர்ப்பு வரும்வரை பிள்ளைகள் நீர் பருகாதிருக்க இயலுமா?

ஐக்கிய அமெரிக்கா இப்பாடத்தைப் பெருவிலை கொடுத்துக் கற்றது. அங்கு நிலத்தடித் தாங்கிகளுக்கென 1984 இற் சட்டமும் 1988 இல் விதிகளும் பிறந்தன. பழைய தாங்கிகளைத் திருத்தவோ மாற்றவோ மூடவோ 1998 டிசெம்பர் வரை தவணை வழங்கப்பட்டது. 30 நாள்களுக்கு ஒருமுறையேனும் கசிவு உண்டோ என நோக்குங் கடன் பொதுவாகத் தாங்கிக்குரியவர் மீதே சுமத்தப்பட்டது. அந்நாட்டில் இதுவரை உறுதிசெய்யப்பட்ட கசிவுகள் 5 இலட்சத்துக்கு மேற்பட்டவை.

செலவு மிகும், வணிகர் தாங்கார் என்பர் சிலர். அளவுகோலுக்கும் கணக்கேட்டுக்கும் ஆகும் செலவு சிறிது. கெட்ட நிலத்தடி நீரைத் தூய்மையாக்கும் செலவோ பெரிது. பல்லாண்டு உழைத்தும் முற்றுப்பெறாமலும் போகலாம். அச்செலவைக் கிணற்றுக்காரர் தலையில் இறக்கி வைப்பது வணிகமுமன்று, அறமுமன்று.

எம் கல்லூரியின் பழைய மாணவருள் பொறியியலாளர், இரசாயன அறிஞர், சட்டத்தரணிகள், உள்ளூராட்சி மன்றங்களில் அமர்ந்தோர் பலர் உளர். தாங்கிக் கணக்கையும் அயற்கிணறுகளின் ஆண்டுச் சோதனையையும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் ஒழுங்கினை அவர்கள் வற்புறுத்துவாராக. மாணவர்கள் தத்தம் ஊர்க் கிணறுகளையும் எண்ணெய்த் தாங்கிகளையும் ஒரே படத்திற் குறித்து, மாதந்தோறும் நீர்மட்டத்தை அளந்து பதிவேடு ஒன்று தொடங்குவாராக. நீர் நன்றாயிருந்த காலத்து எழுதிய பதிவேடே, அது கெட்ட காலத்து உண்மை கூறும் சாட்சி. அச்சாட்சியை ஆக்கும் காலம் இதுவே.